கூட்டுப்பொருள் ஆரைச் சில்லுகளும் மட்டக்களப்பு வாவிக்கரைச் சைக்கிள்களும்: நன்மை தீமைகள் பற்றிய ஓர் ஆய்வு

1. வினாவும் களமும்

சைக்கிள் சில்லின் மெல்லிய உருக்குக் கம்பிகளை நீக்கி, அவற்றின் இடத்தில் காபன் இழை, கண்ணாடியிழை, நைலோன் முதலியவற்றாலான ஆரைகளை அமைக்கும் முயற்சி கடந்த அரை நூற்றாண்டாக நடந்து வருகின்றது. இரண்டு வேறுபட்ட பொருள்களை, அதாவது இழுவையைத் தாங்கும் இழையையும் அந்த இழைகளைப் பிணைத்து வடிவம் தரும் பிசினையும், ஒன்றாக்கிப் பெறப்படுவதே கூட்டுப்பொருள் எனப்படும். இத்தகைய சில்லுகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பந்தயப் பாதைகளில் பெற்ற வெற்றிகளையும் தோல்விகளையும் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆயினும் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக அன்றி உழைப்புக் கருவியாக ஓடும் ஈரமும் உப்பும் மிகுந்த கடலோர நிலத்தில் அவற்றின் பெறுமதி என்ன என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் அத்தகைய நிலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டி எழுவான்கரை என்றும், மேற்கே வயல்களும் மேய்ச்சல் தரைகளும் பரந்த பகுதி படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. கல்லடி, வலையிறவு, மண்முனைப் பாலங்கள் நகரையும் இரு கரைகளையும் இணைக்கின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கு ஓடியது போன்ற பாதை எனப்படும் மிதவை, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிச் சென்று வந்தது. படுவான்கரையிலிருந்து விறகும் பாலும் தயிரும், எழுவான்கரையிலிருந்து மீனும் சைக்கிள் கரியரிலேயே சந்தைக்குப் போய்ச் சேர்ந்த காலம் நீண்டது. மோட்டார் சைக்கிள் பெருகிய பின்னரும் அவ்வழக்கம் முற்றாக மறையவில்லை என்பதோடு, 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடு முழுவதும் சைக்கிளின் தேவை மீண்டும் திடீரென உயர்ந்ததும் நினைவிற்கொள்ளத் தக்கது.

2. கம்பிச் சில்லு சுமை தாங்கும் முறை

புதிய சில்லை மதிப்பிடுவதற்கு முன்னர் பழைய சில்லு எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். படுவான்கரை வயல்களில் நெல் ஏற்றிய மாட்டு வண்டிலின் மரச்சில்லில், நடுவிலுள்ள குடத்திலிருந்து வட்டைக்குச் செல்லும் தடித்த ஆரக்கால்களுள் எந்த நேரத்திலும் நிலத்தை நோக்கி நிற்கும் ஒன்றிரண்டே சுமையைத் தூண்போல் தாங்குகின்றன. ஆகவே அந்த ஆரக்கால் நெருக்குவிசைக்கு, அதாவது இருபுறமிருந்தும் அமுக்கும் விசைக்கு, வளையாமல் நிற்குமளவு தடிப்பாக இருக்க வேண்டியதாயிற்று. சைக்கிளின் கம்பிச் சில்லு இந்த முறையைத் தலைகீழாக மாற்றியது. 1869இல் பாரிஸ் நகரத்து எயுஜேன் மெயர் இழுவிசைக் கம்பிச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக அன்றிச் சாய்வாகத் தொடுகோடுபோல் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை அறிமுகப்படுத்திய பின்னர், சைக்கிள் சில்லு இன்று காணப்படும் வடிவத்தை ஏறக்குறைய முழுமையாக அடைந்துவிட்டது.

இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியொன்றை நிலத்தில் நிறுத்தி மேலிருந்து அமுக்கினால் அது உடனே வளைந்துவிடும். எனினும் அதே கம்பி இழுக்கப்படும்போது பெரும் விசையைத் தாங்கும். இதனாலேயே கம்பிகள் அனைத்தும் முன்கூட்டியே முறுக்கி இறுக்கப்படுகின்றன. நன்கு இறுக்கிய சில்லில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான இழுவிசையைக் கொண்டிருக்கும் எனக் கொண்டால், 36 கம்பிகளும் சேர்ந்து ரிம்மினுள் ஏறத்தாழ 570 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான நெருக்குவிசையை ஏற்படுத்துகின்றன என்பது எளிய கணக்கால் தெரியவரும். சுமை ஏறும்போது நிலத்துக்கு நேர்மேலே உள்ள சில கம்பிகளின் இழுவிசை குறைகின்றது. அந்தக் குறைவே சுமையைத் தாங்கும் செயலாகும். இதனை அமெரிக்கப் பொறியியலாளர் யொப்ஸ்ற் பிரான்ட், 1981இல் வெளிவந்த சைக்கிள் சில்லு பற்றிய தமது நூலில் தெளிவாக விளக்கியுள்ளார்.

இவ்வமைப்பின் பெரும் சிறப்பு அதன் பழுது மெல்ல மெல்ல வெளிப்படுவதாகும். விறகுக்கட்டு ஏற்றிய சைக்கிள் கிறவல் வீதியின் குழியில் இறங்கிக் கம்பியொன்று அறுந்தால், சில்லு ஒருபக்கமாக நெளிந்து பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும், ஆனால் உடைந்து விழாது. திருத்துபவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழலவிட்டு, கவைக்கருகே பெருவிரலை அளவுகோலாக வைத்து, ரிம் விரலைத் தொடுமிடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்கியும் அதே பக்கக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தியும் நெளிவை எடுத்துவிடுவார். ஒரு கம்பி, ஒரு சாவி, ஒரு பழகிய கை ஆகிய மூன்றுமே இதற்குப் போதும்.

3. கூட்டுப்பொருள் சில்லுகளின் வகைகள்

கூட்டுப்பொருள் சில்லு என்ற பெயரின் கீழ் மூன்று வேறுபட்ட வகைகள் அடங்குகின்றன. அவற்றை ஒன்றாகக் கொண்டு நன்மை தீமை பேசுவது குழப்பத்துக்கே இடந்தரும்.

முதலாவது, கண்ணாடியிழைத் துணுக்குகள் கலந்த நைலோனை அச்சில் ஊற்றி ரிம், ஆரை, குடம் அனைத்தையும் ஒரே துண்டாக வார்க்கும் வகையாகும். 1970களில் அமெரிக்காவின் ஸ்கைவே நிறுவனம் சிறுவர்களின் பீ.எம்.எக்ஸ் சைக்கிள்களுக்காக உருவாக்கிய டஃப் வீல் இதன் புகழ்பெற்ற முன்னோடியாகும். இரண்டாவது, காபன் இழையைப் பிசினில் தோய்த்து, நுரையை நடுவில் வைத்து, மூன்று, நான்கு அல்லது ஐந்து அகன்ற தட்டையான ஆரைகளாக வார்க்கும் பந்தயச் சில்லு. டூபொன்ட் நிறுவனமும் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனமும் இணைந்து 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட மூவாரைச் சில்லு இவ்வகையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. மூன்றாவது, கம்பிச் சில்லின் அமைப்பை மாற்றாமல், உருக்குக் கம்பிக்குப் பதிலாகக் காபன் அல்லது செயற்கை இழையாலான ஆரைகளை இடும் வகையாகும். ஜேர்மனியின் லைற்வெயிற் நிறுவனத்தின் சில்லுகளில் இழுவிசைக் காபன் ஆரைகள் ரிம்மோடும் குடத்தோடும் ஒட்டப்பட்டிருக்கும். பிரான்சின் மாவிக் நிறுவனத்தின் ஆர்-சிஸ் சில்லிலோ, குழாய் வடிவக் காபன் ஆரைகள் இழுவையை மட்டுமன்றி நெருக்குதலையும் தாங்கின.

முதலிரு வகைகளும் இழுவிசையில் நிற்கும் கம்பியைக் கைவிட்டு, தடித்த ஆரையின் மேல் சுமையை நிறுத்தும் வண்டில் சில்லின் முறைக்கே ஒருவாறு திரும்பியுள்ளன. இலேசான, விறைப்பான புதிய பொருள் கிடைத்ததனாலேயே அந்தப் பழைய முறை மீண்டும் இயலுவதாயிற்று. உருக்கின் அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், அலுமினியத்தினது 2.7 கிராம். காபன் கூட்டுப்பொருளின் அடர்த்தியோ ஏறத்தாழ 1.6 கிராம் மட்டுமே. ஒரே திசையில் அடுக்கிய காபன் கூட்டுப்பொருளின் விறைப்பு, இழையின் திசையில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய இருமடங்காகும். ஆனால் இழைக்குக் குறுக்கே அதன் விறைப்பும் வலிமையும் மிகக் குறைவு என்பதால், எந்தத் திசையில் எவ்வளவு இழை என்பதை வடிவமைப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியுள்ளது. அவர் எதிர்பாராத திசையிலிருந்து வரும் அடிக்கு அச்சில்லு ஆயத்தமாக இராது.

4. கூறப்படும் நன்மைகள்

முதலாவது நன்மை காற்றெதிர்ப்புக் குறைவாகும். சில்லின் உச்சி, சைக்கிள் செல்லும் வேகத்தின் இருமடங்கில் முன்னோக்கி நகர்வதால், அங்குள்ள உருண்டைக் கம்பிகள் காற்றைக் கடைந்து சக்தியை வீணாக்குகின்றன. மூன்று தட்டையான ஆரைகள் அதனைக் குறைக்கும். 1984இல் மெக்சிகோ நகரில் பிரான்செஸ்கோ மோசர் ஆரைகளே தெரியாத தட்டுச் சில்லுகளோடு ஒரு மணிநேரத்தில் 51.151 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்தது, காற்றெதிர்ப்பைக் குறைப்பதன் பயனைச் சைக்கிள் உலகுக்கு உணர்த்தியது.

ஆனால் காற்றெதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கும், அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கும் ஏற்ப உயர்கின்றது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவரைவிட 45 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் காற்றை எதிர்க்க 27 மடங்கு வலுவைச் செலவிட வேண்டும். மீன்பெட்டியோடு ஆரையம்பதியிலிருந்து நகருக்கு மிதிப்பவரின் வேகத்தில் தடையாக நிற்பது பெரும்பாலும் ரயரின் உருளல் தடையும் சுமையுமேயாகும். எஞ்சிய காற்றெதிர்ப்பும் நிமிர்ந்த உடலாலும் பெட்டியாலும் வருகின்றதேயன்றிக் கம்பிகளால் அன்று. எனவே இந்நன்மை புத்தாண்டு விளையாட்டு விழாக்களின் சைக்கிள் ஓட்டத்திலும் வீதிப் பந்தயங்களிலும் மட்டுமே பொருள்படும்.

இரண்டாவதாகக் கூறப்படும் நிறைக் குறைவு எல்லா வகைக்கும் பொதுவானதன்று. மூன்றாம் வகைச் சில்லுகள் உண்மையிலேயே இலேசானவை. வார்த்த மூவாரைச் சில்லு நல்ல கம்பிச் சில்லைவிட இலேசாக இருப்பது அரிது, நைலோன் சில்லோ பெரும்பாலும் பாரமானது. சில்லின் விளிம்பில் குறையும் நிறை, வேகம் எடுக்கும்போது இருமடங்காகக் கணிக்கப்பட வேண்டும் என்பது பௌதிகம் கூறும் உண்மை. ஆயினும் ஆளும் சைக்கிளும் விறகும் சேர்ந்து 160 கிலோகிராம் என வைத்துக்கொண்டால், விளிம்பில் அரைக் கிலோ குறைவது மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பயனையே தரும். மலையற்ற இச்சமதரையில் அதுவும் புறப்படும் சில கணங்களில் மட்டுமே உணரப்படும்.

மூன்றாவது நன்மையே இப்பிரதேசத்துக்கு மிக நெருக்கமானது. நைலோன் வார்ப்புச் சில்லின் ஆரை துருப்பிடிக்காது, தளராது, நெளிவெடுக்கும் தேவையும் அதற்கு இல்லை. இதற்கான சான்றுக்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் பயன்படும் சக்கர நாற்காலிகள் பலவற்றின் பெரிய சில்லுகள் இவ்வாறு வார்க்கப்பட்டவையே. போரினாலும் நோயினாலும் நடக்கும் ஆற்றல் இழந்தோர் தம் நாற்காலியின் கம்பிகளை அடிக்கடி இறுக்கிக்கொண்டிருக்க முடியாது என்ற நிலையில், சற்றுப் பாரம் கூடினாலும் பராமரிப்பு வேண்டாத சில்லு அவர்களுக்குப் பெரும் உதவியாகும். மெதுவாகவும் நல்ல தரையிலும் ஓடும் சில்லுக்கு இத்தேர்வு முற்றிலும் பொருந்தும்.

5. தீமைகள்

கூட்டுப்பொருளின் முதன்மையான குறை, அதன் பழுது உள்ளே ஒளிந்திருப்பதாகும். உருக்கு வளைந்து எச்சரிக்கும். காபன் கூட்டுப்பொருளோ அடிபட்ட இடத்தில் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தாலும் மேற்பரப்பில் ஒரு கீறலைக்கூடக் காட்டாமல் இருந்து, பின்னொரு நாள் சிறிய அடிக்கே சடுதியாக உடையக்கூடும். முப்பத்தாறு கம்பிகளில் ஒன்று போனால் முப்பத்தைந்து எஞ்சும், மூன்று ஆரைகளில் ஒன்று போனால் சில்லே எஞ்சாது. 1990களில் பந்தயங்களில் பரவிய ஸ்பினெர்ஜி நிறுவனத்தின் றெவ்-எக்ஸ் சில்லு, 2000ஆம் ஆண்டில் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கத்தின் உடைவுச் சோதனை நடைமுறைக்கு வந்தபின் கூட்டமாக ஓடும் வீதிப் போட்டிகளிலிருந்து விலகியது. 2009இல் மாவிக் ஆர்-சிஸ் முன்சில்லுகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கூட்டமாக ஓடும் போட்டிகளில் சில்லுக்குக் குறைந்தது 12 ஆரைகள் இருக்க வேண்டும் என்றும், ஆரையின் குறுக்குவெட்டு எப்பக்கத்திலும் 10 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்றும் அச்சங்கம் விதித்திருப்பது, மூவாரை, நான்காரைச் சில்லுகளைத் தனியாள் நேரப் போட்டிகளுக்கும் ஓடுதளத்துக்கும் ஒதுக்கிவிட்டது.

இரண்டாவது குறை பக்கக் காற்றாகும். அகன்ற ஆரை பாய்மரம்போல் பக்கக் காற்றை ஏற்று முன்சில்லைத் திருப்பிவிடும். வரண்ட மாதங்களில் மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வீசும் கச்சான் காற்றும், மாரியில் கடலிலிருந்து வரும் வாடையும் இப்பிரதேசத்தின் வடக்குத் தெற்கான நெடுவீதியைப் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே தாக்குகின்றன. வாவியின் திறந்த நீர்ப்பரப்பை ஒட்டிய வீதிகளில் அதைத் தடுக்க மரமோ மதிலோ இல்லை. பஸ்களும் லொறிகளும் முந்திச் செல்லும் வீதியில் சைக்கிள் ஒரு முழம் விலகுவதும் உயிராபத்தாகும்.

மூன்றாவது குறை பொருந்தாமையாகும். இப்பகுதியின் பழைய 28 அங்குலச் சைக்கிள்களின் ரயர் அமரும் விட்டம் 635 மில்லிமீற்றர், பந்தயக் கூட்டுப்பொருள் சில்லுகளினதோ 622 மில்லிமீற்றர். அத்தோடு கோல்களால் இயங்கும் பழைய பிரேக், ரிம்மின் பக்கங்களை அன்றி, குடத்தை நோக்கிய உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பதால், அதற்கேற்ற பரப்பே இல்லாத வார்ப்புச் சில்லில் அந்தப் பிரேக் வேலை செய்யாது. சில்லை மாற்றுவது என்பது இங்கு பிரேக்கையும் ரயரையும் சேர்த்து மாற்றுவதாகும்.

காபன் ரிம்மில் பிரேக் பிடிக்கும்போது எழும் வெப்பத்தால் பிசின் இளகுவது நீண்ட மலையிறக்கங்களில் பெரிய ஆபத்தாகும், எனினும் மட்டக்களப்பில் அத்தகைய இறக்கம் இல்லை. ஆனால் நனைந்த காபன் ரிம்மில் பிரேக்கின் பிடி குறைவது மாரி மாதங்களில் உண்மையான குறையே.

6. உப்பின் கணக்கு

வாவி நீர் உவர்நீர். முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. கடற்காற்றின் உப்புத்துளிகள் மணற்பட்டியின் எல்லா வீடுகளையும் அடைகின்றன. பூச்சு உரிந்த உருக்குக் கம்பி இங்கு முதலில் துருப்பிடிப்பது நடுவில் அன்று. நிப்பிளின் மரைக்குள்ளும், குடத்தின் துளையில் கம்பி வளையும் முழங்கையிலும் உப்புநீர் தங்கி உலர்ந்து தங்கி உலர்ந்து அரிக்கின்றது. நிப்பிள் இறுகிப் பிடித்துவிட்டால் நெளிவெடுக்கவும் முடியாது, திருகினால் கம்பியே முறியும்.

துருவே பகை என்றால் துருப்பிடிக்காத காபன் விடையாகாதா என்ற வினா இயல்பாக எழுகின்றது. ஆயினும் காபன் மின்கடத்தும் பொருள். அது அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீர் நிற்குமானால் அங்கு ஒரு சிறு மின்கலம் உருவாகி, காபன் பாதிப்பின்றி இருக்க அலுமினியம் கரைந்து அழியும். கல்வானிக் அரிப்பு எனப்படும் இவ்வினையால் காபன் ரிம்மில் இட்ட அலுமினிய நிப்பிள்கள் உடைவதும், ஒட்டிய அலுமினியக் குடம் பிசினிலிருந்து விடுபடுவதும் நிகழக்கூடியவை. நன்னீர் நாட்டில் ஆண்டுகள் எடுக்கும் அழிவு உவர்நீர் நாட்டில் விரைந்து நடக்கும். இடையில் கண்ணாடியிழை அடுக்கை வைத்துத் தொடர்பை அறுப்பதும், பித்தளை நிப்பிள்களை இடுவதும் இதற்குரிய காப்புகளாகும்.

நைலோன் இத்தொல்லைக்கு ஆளாவதில்லை. ஆனால் நைலோன் 66 என்ற வகை, இழை கலக்காத நிலையில் நீரில் முழுதாக ஊறினால் தன் நிறையில் ஏறத்தாழ 8 சதவீத நீரை உறிஞ்சி விறைப்பை இழக்கும். இழை கலந்த நைலோனில் இந்த உறிஞ்சல் குறையுமேயன்றி நின்றுவிடாது. வெயிலில் நெடுநேரம் சுமையோடு நிற்கும்போது அது மெல்ல வளைந்து, பின்னர் முழுதாக நிமிராமலும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரை எதனால் ஆனாலும் அச்சும் பெயரிங்கும் சங்கிலியும் உருக்கே என்பதால், கூட்டுப்பொருள் சில்லு துருவின் ஒரு வாயிலை அடைக்கின்றதேயன்றி எல்லா வாயில்களையும் அன்று.

7. திருத்தமும் பொருளாதாரமும்

வாவிக்கரை மக்களுக்குக் கூட்டுப்பொருள் புதிதன்று. கடற்றொழிலாளர்களின் கண்ணாடியிழைப் படகுகள் 2004 சுனாமிக்குப் பின் பெருமளவில் வழங்கப்பட்டவை. வெடித்த படகின் பாகத்தைத் தேய்த்து, இழைப்பாயை விரித்து, பிசின் பூசித் திருத்தும் கைத்திறன் இங்கு உண்டு. ஆனால் படகின் பரந்த பலகையில் கூடுதலாக ஓர் அடுக்கு ஒட்டுவதால் தீங்கில்லை. சுழலும் சில்லின் ஆரையில் ஒட்டிய அடுக்கு விறைப்பை மாற்றி, அதன் ஓரத்தில் புதிய வெடிப்புக்கு வழிவகுக்கும். ஆகவே அடிபட்ட காபன் ஆரையை உள்ளூரில் திருத்த முயல்வது ஆபத்தானது. அது கழிக்கப்பட வேண்டியதே.

கழித்த பின்னரும் வேறுபாடு தொடர்கின்றது. உருக்குக் கம்பியும் ரிம்மும் பழைய இரும்பு வாங்குபவரிடம் விலைபோகும், நைலோன் உருக்கி மீண்டும் வார்க்கப்படக்கூடியது. எப்பொக்சிப் பிசினில் இறுகிய காபன் உருகாது என்பதால் குப்பையாகவே எஞ்சும். இதைவிட முக்கியமானது, கம்பிச் சில்லின் பழுது ஒரு கம்பியின் விலையோடு முடிய, வார்ப்புச் சில்லின் பழுது முழுச் சில்லின் விலையாவதாகும். வெளிநாட்டுச் செலாவணி வற்றிய 2022ஆம் ஆண்டு, முழுமையாக இறக்குமதி செய்யப்படும் உதிரிப்பாகத்தில் தங்கியிருப்பது நாளாந்த உழைப்பாளிக்கு எத்தகைய சுமை என்பதைக் காட்டிவிட்டது. கம்பியும் இறக்குமதியே என்றாலும், கைவசமுள்ள பழைய சில்லின் நல்ல கம்பியைக் கழற்றி இன்னொன்றுக்கு இட முடிகின்றது, உடைந்த வார்ப்புச் சில்லிலிருந்து எடுப்பதற்கு எதுவும் இல்லை.

8. நிறுவப்படும் முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், கூட்டுப்பொருள் ஆரைச் சில்லின் நன்மைகள் வேகத்தோடும் தீமைகள் சுமையோடும் இணைந்து செல்வது புலனாகும். வேகம் கூடிச் சுமை குறையுமிடத்தில் அது சிறக்கின்றது, சுமை கூடி வேகம் குறையுமிடத்தில் கம்பிச் சில்லே சிறக்கின்றது. விறகும் மீனும் நெல்லும் ஏற்றும் சைக்கிளுக்கு ஏற்றது, பின்சில்லில் 36 அல்லது 40 கம்பிகளுடன், பூச்சுக் கம்பிக்குப் பதிலாகத் துருப்பிடியா உருக்குக் கம்பியும் பித்தளை நிப்பிளும் கொண்ட சில்லாகும். காபனால் பெற விரும்பிய துருக்காப்பின் பெரும்பகுதி இதனால், திருத்தும் வசதியை இழக்காமலே, கிடைத்துவிடுகின்றது. நைலோன் வார்ப்புச் சில்லு சக்கர நாற்காலிக்கும் சிறுவர் சைக்கிளுக்கும் பாசிக்குடா போன்ற கரைகளில் உல்லாசப் பயணிகள் குறுந்தூரம் ஓட்டும் வாடகைச் சைக்கிளுக்கும் தயங்காமல் ஏற்கத்தக்கது. காபன் மூவாரைச் சில்லு பந்தய வீரருக்கு உரியது, விழுந்த ஒவ்வொரு முறையும் அதைச் சோதித்துப் பார்த்த பின்னரே மீண்டும் ஓட்ட வேண்டும்.

இம்முடிபுகளுள் உப்பு பற்றியவை இப்பிரதேசத்திலேயே அளந்து உறுதிப்படுத்தக் கூடியவை. பூச்சுக் கம்பி, துருப்பிடியாக் கம்பி, அலுமினியம் தொட்ட காபன், இழை கலந்த நைலோன் ஆகியவற்றின் துண்டுகளைக் கல்லடிக் கடற்கரையிலும் வாவியோரத்திலும் படுவான்கரையின் உள்ளூரொன்றிலும் ஒரு மாரியும் ஒரு கோடையும் தொங்கவிட்டு, பின்னர் அவற்றின் நிறையையும் அறும் விசையையும் அளப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அத்தகைய ஆய்வை மேற்கொள்வார்களாயின், எந்தக் கம்பியை வாங்குவது என்று கடைவாசலில் நின்று யோசிக்கும் உழைப்பாளிக்கும், கரையோரப் பொருள்களைப் பற்றிய அறிவியலுக்கும் ஒருங்கே பயன் விளையும்.